நூற்றுத் தொண்ணூறு கிராம்

தராசின் சின்னத் திரையில் நூற்றுத் தொண்ணூறு என்று சிவப்பாக எரிந்தது. முனீஸ்வரி கையுறை போட்ட கையால் கிண்ணத்தைத் தூக்கப் போனாள்.

“ஏட்டி, இரு. அது என்ன?” என்றாள் ஆனந்தவல்லி.

“காஸ்டிக் மதினி. ஒரு கிலோ எண்ணெய்க்கு.”

“நல்லெண்ணெய்க்கா?”

“ஆமா. பின்ன எதுக்கு?”

“இம்புட்டு எதுக்கு?”

முனீஸ்வரி நிமிர்ந்து பார்த்தாள். “நூத்தித் தொண்ணூறுதான? நீ சொன்னதுதான். போன தடவையும் இதத்தான் போட்டேன்.”

ஆனந்தவல்லி எண்ணெய்க் கேனின் மூடியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள். போன தடவை போட்ட சோப்பு, சாக்கு விரித்த பலகையில் ஆறு வாரம் காய்ந்து, காகிதம் சுற்றி, பாதிக்கு மேல் இன்னும் அந்தக் கொட்டகைக்குள்தான் இருந்தது. மீதி நாற்பது கட்டி ஸ்ரீவில்லிபுத்தூர் கடைக்குப் போய்ச் சேர்ந்து இரண்டு நாளாகிவிட்டது.

மகாராஜபுரத்தில் தென்னந்தோப்பை ஒட்டி இருந்தது அந்தக் கொட்டகை. ஆனந்தவல்லியின் கணவன் விஜயபாண்டி பட்டாளத்தில் இருக்கிறான். வருஷத்துக்கு ஒரு முறை லீவில் வருவான். அவன் தங்கை முனீஸ்வரிக்கும் இவளுக்கும் ஏறக்குறைய ஒரே வயது. பக்கத்து வீடு. ஆனந்தவல்லி வத்திராயிருப்பில் பிறந்தவள். தினமும் பஸ் ஏறி ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போய் வேதியியல் படித்தாள். கல்யாணத்துக்குப் பிறகு ஒரு தனியார் பள்ளியில் கொஞ்ச காலம் பாடம் எடுத்தாள். பிள்ளை பிறந்ததும் அது நின்று போயிற்று. தோப்புத் தேங்காயை ஆட்டிய எண்ணெயில் சோப்புப் போட்டுப் பார்க்கலாமா என்று ஒரு நாள் அவளுக்குத் தோன்றியது. கேட்டதும் முனீஸ்வரி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு வந்துவிட்டாள். கணக்கு ஆனந்தவல்லியுடையது, கை முனீஸ்வரியுடையது. கலவை எப்போது திரளும், எப்போது அச்சில் ஊற்ற வேண்டும் என்பதெல்லாம் முனீஸ்வரிக்குக் கரண்டி பிடித்த கையிலேயே தெரியும். தேங்காய் எண்ணெய்க்குக் கிலோவுக்கு நூற்று எழுபத்தைந்து கிராம் காஸ்டிக். அந்த எண் அவளுக்கு மனப்பாடம். இரண்டு வருஷமாக ஒரு புகார் வந்ததில்லை.

கடைக்காரர்தான் நல்லெண்ணெய் சோப்புக் கேட்டார். ஆடிப்பூரத்துக்கு ஊர் நிறையக் கூட்டம் வரும், புதுசாக ஏதாவது இருந்தால் ஓடும் என்றார். நல்லெண்ணெய்க்கு எவ்வளவு காஸ்டிக் என்று தெரிய வேண்டுமே. ராஜபாளையத்தில் எண்ணெய் வியாபாரிகள் பரிசோதனைக்குக் கொடுக்கும் ஒரு லேப் இருந்தது. ஆனந்தவல்லி ஒரு புட்டி எண்ணெயை அங்கே கொடுத்துவிட்டு வந்தாள். வந்த மறுநாளே அவள் அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டாள். மதுரை ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றிருந்தபோதுதான் லேபிலிருந்து போன் வந்தது. அம்மாவை ஆபரேஷனுக்குத் தள்ளிக்கொண்டு போகிறார்கள். வண்டியின் பின்னாலேயே நடந்துகொண்டு முனீஸ்வரிக்குப் போன் போட்டு, “நம்பர் வந்திருச்சுட்டி. நூத்தித் தொண்ணூறு. குறிச்சு வச்சுக்கோ” என்றாள்.

அது எதன் எண் என்று சொல்லவில்லை.

எண்ணெயைச் சோப்பாக்க எவ்வளவு காரம் வேண்டும் என்று லேபில் அளக்கும்போது பொட்டாசியம் ஹைட்ராக்சைடை வைத்துத்தான் அளப்பார்கள். அது காலங்காலமாக இருக்கும் வழக்கம். கட்டி சோப்புக்குப் போடுவதோ சோடியம் ஹைட்ராக்சைடு, அதாவது கடையில் காஸ்டிக் என்று கேட்டால் கொடுப்பது. எண்ணெயின் ஒரு மூலக்கூறு மூன்று கார மூலக்கூறுகளோடு சேரும். பொட்டாசியமானாலும் மூன்று, சோடியமானாலும் மூன்று. எண்ணிக்கையில் வித்தியாசமில்லை, எடையில்தான் இருக்கிறது. ஒரு மோல் பொட்டாசியம் காரம் ஐம்பத்தாறு கிராம், ஒரு மோல் சோடியம் காரம் நாற்பதே கிராம். ஆகவே லேப் சொன்ன நூற்றுத் தொண்ணூறை நாற்பதால் பெருக்கி ஐம்பத்தாறால் வகுக்க வேண்டும். நூற்று முப்பத்தாறு கிராம் வரும். ஆனந்தவல்லி அதை அன்றைக்கே ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்து மனசுக்குள் போட்டுவிட்டாள். போட்டதோடு சரி. சொல்லியும் விட்டதாகவே நினைத்துக்கொண்டாள்.

அவள் அம்மாவோடு மதுரையில் கிடந்த நாட்களில் முனீஸ்வரி தனியாகவே எட்டுக் கிலோவைப் போட்டு முடித்தாள். தேங்காய் எண்ணெய்க்கு நூற்று எழுபத்தைந்து என்றால் நல்லெண்ணெய்க்கு நூற்றுத் தொண்ணூறு இருக்காதா என்ன? யாருக்குச் சந்தேகம் வரும்? நல்லெண்ணெய் சோப்பு லேசில் இறுகாது என்று மதினி பயமுறுத்தியிருந்தாள். இதுவோ மறுநாளே கல்லாகிவிட்டது. முனீஸ்வரிக்குப் பெருமை தாங்கவில்லை.

“எத்தன கட்டிய நாக்குல வச்சுப் பார்த்த?” என்றாள் இப்போது ஆனந்தவல்லி.

“நானா? அது நீ பாக்குறதுதான மதினி. வந்ததும் நீ பாத்திருப்பேன்னு நெனச்சேன்.”

ஆனந்தவல்லி ஒரு கட்டியை எடுத்துக் காகிதத்தைக் கிழித்தாள். மேலே வெள்ளையாய் மாவு பூத்திருந்தது. கத்தியால் நடுவில் வெட்டினாள். பொடிப்பொடியாக உதிர்ந்து இரண்டானது. காரம் மிஞ்சியிருக்கிறதா என்று பார்க்க, வெட்டிய இடத்தில் நாக்கு நுனியை வைத்தாள். சுரீர் என்று கரண்டுக் கம்பியைத் தொட்டது போல் இழுத்தது. துப்பிவிட்டு ஓடிப்போய்க் குழாயில் வாயைக் கொப்பளித்தாள். பிறகு அலமாரியிலிருந்த, காரத்தை நிறத்தில் காட்டும் பினாப்தலீன் புட்டியை எடுத்து ஒரு சொட்டு விட்டாள். நல்ல சோப்பில் வெளிர் ரோஜா நிறம் காட்டும். இதில் விழுந்த சொட்டு, விழுந்த கணமே பீட்ரூட் சாறாக மாறிற்று.

கிலோவுக்கு ஐம்பத்து நான்கு கிராம் அதிகம். எண்ணெயோடு சேர முடியாமல் மிச்சமாக நிற்கும் காஸ்டிக். அடைத்த சாக்கடையைத் திறக்கப் போடுவார்களே, அதே சாமான்.

“பொறப்படு,” என்றாள் ஆனந்தவல்லி.

“என்ன மதினி ஆச்சு?”

“போற வழியில சொல்றேன். ஏறு.”

ஸ்கூட்டரை எடுக்கும்முன் கடைக்காரர் சுயம்புலிங்கத்துக்குப் போன் போட்டாள். எடுத்தார். பின்னால் ஒலிபெருக்கி அலறிக்கொண்டிருந்தது.

“அண்ணாச்சி, அந்த நல்லெண்ணெய் சோப்ப எடுத்து உள்ள வச்சிருங்க. விக்காதீங்க.”

“ஆமா தாயி, நல்லா விக்குது! இன்னும் கொண்டா!”

“விக்காதீங்கன்னு சொல்றேன் அண்ணாச்சி!”

“கேக்கல. நேர்ல வா,” என்று வைத்துவிட்டார். திரும்பப் போட்டாள். எடுக்கவில்லை.

வத்திராயிருப்பு தாண்டி கிருஷ்ணன்கோவில் வரும்வரை முனீஸ்வரி பின்னால் இருந்து கேட்டுக்கொண்டே வந்தாள். ஆனந்தவல்லி காற்றில் கத்திக் கத்திப் பதில் சொன்னாள். பாதி கேட்டது, பாதி கேட்கவில்லை. ஆனால் ‘தோல் வெந்துரும்’ என்பது மட்டும் கேட்டுவிட்டது.  மதினியின் இடுப்பைப் பிடித்திருந்த முனீஸ்வரியின் கை இறுகியது.

ஆடிப்பூரத் தேருக்கு ஊரே கூடியிருந்தது. ரத வீதிக்குள் வண்டி விடவில்லை. போலீஸ்காரரிடம் கெஞ்சிப் பார்த்துவிட்டு, ஒரு மருந்துக்கடை வாசலில் ஸ்கூட்டரைப் போட்டுவிட்டு இருவரும் கூட்டத்துக்குள் புகுந்தார்கள். மோர்ப்பந்தலில் நின்றவர்களை இடித்துக்கொண்டு, பால்கோவாக் கடை வரிசைகளைத் தாண்டி, மூச்சிரைக்கப் போய்ச் சேர்ந்தபோது சுயம்புலிங்கம் கடை வாசலில் நாற்காலி போட்டு, அதே சோப்பைக் கூடையில் அடுக்கி வைத்துக் கூவிக்கொண்டிருந்தார்.

ஆனந்தவல்லி கூடையை அப்படியே தூக்கிக் கடைக்குள் கொண்டுபோய் வைத்தாள்.

“ஏ தாயி, என்ன பண்ணுத?”

“இதுல காஸ்டிக் கூடிப் போச்சு அண்ணாச்சி. ஒடம்புல பட்டா எரியும். புண்ணாயிரும்.”

சுயம்புலிங்கம் ஒரு கட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “பாக்க அம்சமாத்தான இருக்கு. யாரும் வந்து ஒண்ணும் சொல்லலையே.”

“வாங்கினவுக இன்னும் தேய்ச்சிருக்க மாட்டாக. எத்தன போயிருக்கு?”

எண்ணிப் பார்த்தார்கள். இருபத்தொன்பது இருந்தது. பதினொன்று போயிருக்கிறது.

“யார் யார் வாங்கினாக?”

“வெளியூர்க்காரவிய தாயி. பஸ்ஸுல வந்தவுக, கார்ல வந்தவுக. யாருன்னு கண்டேன்? கோவில்பட்டின்னு ஒரு அம்மா நாலு வாங்குச்சு. பொறவு...” நெற்றியைத் தேய்த்தார். “நேத்துச் சாயங்காலம் ராஜபாளையத்துப் பையன் ஒருத்தன் மூணு கட்டி வாங்கினான். பச்சப்புள்ளைக்கு ஆகுமான்னு கேட்டான்.”

“நீங்க என்ன சொன்னீங்க?”

சுயம்புலிங்கம் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. “நல்லெண்ணெய் சோப்பு, தாராளமாப் போடுன்னு சொன்னேன்.”

“அவன் நம்பர் இருக்கா?” என்றாள் முனீஸ்வரி.

பையன் போனில் பணம் அனுப்பியிருந்ததால் பெயரும் எண்ணும் இருந்தன. தனுஷ். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. அவன் ஒரு நூற்பாலையில் வேலை பார்ப்பதாகப் பேச்சுவாக்கில் சொல்லியிருந்தான். எந்த மில் என்பதும் அவர் நினைவில் இருந்தது. ஷிப்டில் இருக்கும்போது போனை லாக்கரில் வைத்துப் பூட்டிவிடுவார்கள். சுயம்புலிங்கத்துக்கு அந்த மில் ஆபீசில் தெரிந்தவர் இருந்தார். “நான் அங்க பேசி அவனைக் கூப்பிடச் சொல்றேன். நீ பொறப்படு. ராஜபாளையம் போறதுக்குள்ள விலாசம் வந்துரும்,” என்றார். குரல் மாறியிருந்தது.

“முனீஸ், நீ இங்க இரு. வாங்கினவுக யாராவது இந்தப் பக்கம் வந்தா விடாத. அண்ணாச்சி, ஒரு அட்டையில எழுதி வாசல்ல மாட்டுங்க. என் போன் நம்பரையும் போடுங்க.”

“நானும் வாரேன் மதினி.”

“இங்கயும் ஆள் வேணும்ட்டி.”

ராஜபாளையம் ரோட்டில் மடவார்வளாகம் தாண்டும்போது போன் அடித்தது. வண்டியை ஓரங்கட்டினாள்.

“யாருங்க? தனுஷ் பேசுறேன். சோப்புல என்னமோன்னு சொன்னாங்க...”

“தம்பி, அந்தச் சோப்பப் பிள்ளைக்குப் போட்டுட்டீங்களா?”

“இன்னைக்குத்தான் புதுசாப் போடச் சொல்லிட்டு வந்தேன். சித்தி வந்து குளிப்பாட்டுவாங்க. இந்நேரம் வந்திருப்பாங்க. ஏன்? என்ன?”

“போடக் கூடாது. உடனே வீட்டுக்குப் போன் போடுங்க. விலாசம் சொல்லுங்க, நான் வாரேன்.”

அவன் பஞ்சு மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு தெருப் பெயரைச் சொன்னான், பச்சைக் கேட் என்றான். மனைவி இந்து, பிள்ளை முழித்துவிடும் என்று போனைச் சத்தமில்லாமல் வைத்திருப்பாள், எடுப்பாளோ மாட்டாளோ என்றான்.

அந்த ரோட்டில் அதுவரை அவள் அப்படி வண்டி ஓட்டியதில்லை. முன்னால் போன பஞ்சு லாரியை இடதுபக்கமாகவே தாண்டினாள். யாரோ திட்டினார்கள். மனசு மட்டும் கணக்கை விடவில்லை. எட்டுக் கிலோ எண்ணெய், கிலோவுக்கு ஐம்பத்து நான்கு, நூற்றுச் சொச்சம் கட்டி. ஒரு கட்டிக்கு நான்கு கிராம் சும்மா கிடக்கும் காஸ்டிக். எந்தப் பக்கம் வகுத்தாலும் அந்த நான்கு குறையவில்லை. பெரியவர்கள் கையில் பட்டால் எரிச்சலோடு போகும். பச்சைப்பிள்ளையின் தோல்?

பச்சைக் கேட் திறந்துதான் கிடந்தது. உள்ளே பிள்ளை அழும் சத்தம் கேட்டது. குளிக்கும் பிள்ளை அழும் அழுகையா, வேறு அழுகையா என்று அவளுக்குத் தெரியவில்லை. செருப்போடு வீட்டுக்குள் ஓடினாள்.

பின்முற்றத்தில் பலகை போட்டு, காலை நீட்டி, கணுக்காலுக்கு மேல் பிள்ளையைக் குப்புறப் போட்டிருந்தாள் ஒரு பெரிய மனுஷி. அவள்தான் இந்துவின் சித்தி அழகுத்தாய். பிள்ளையின் முதுகெல்லாம் வெள்ளை நுரை. பக்கத்தில் துண்டை விரித்தபடி இந்து நின்றாள்.

“தண்ணி! தண்ணிய ஊத்துங்க! அந்தச் சோப்பத் தூரப் போடுங்க!”

“யாருட்டி நீ? வீட்டுக்குள்ள இப்பிடி...”

“சோப்புப் போட்டவ நான்தான். அதுல காஸ்டிக் இருக்கு. ஊத்துங்க அக்கா, தயவுசெஞ்சு!”

அழகுத்தாய்க்கு முழுதும் புரிந்ததோ இல்லையோ, அவள் கை செம்பை எடுத்துவிட்டது. ஊற்றினாள். ஆனந்தவல்லி பக்கத்தில் மண்டியிட்டு உட்கார்ந்து நுரையை வழித்துவிட்டாள். நுரை போன இடத்தில், தோள்பட்டைக்குக் கீழே உள்ளங்கை அகலத்துக்குச் செக்கச் செவேலென்று இருந்தது.

இந்து ஐயோ என்று அலறினாள்.

“இப்பத்தான் தேய்ச்சேன்,” என்றாள் அழகுத்தாய். “என் கையும் காந்துதேன்னு அப்பத்தான் நெனச்சேன். ஏட்டி இந்து, அடுக்களையில எலுமிச்சம்பழம் இருக்கும், எடுத்தா. காரம்னா புளிப்புதான் முறிக்கும்.”

“வேண்டாம்!” என்று இந்துவின் கையைப் பிடித்தாள் ஆனந்தவல்லி. “முறிக்கும் அக்கா. ஆனா எம்புட்டுக்கு எம்புட்டுன்னு தெரியணும். தோல் மேல அளக்க முடியாது. முறியும்போது சூடும் கெளம்பும். புளிப்பு மிஞ்சினா அதுவும் எரிக்கும். தண்ணி ஒண்ணுதான். நிறுத்தாம ஊத்துங்க.”

வெந்நீர் தீர்ந்தது. இந்து அழுதுகொண்டே அடுத்த குடத்தை விளாவிக் கொண்டுவந்தாள். பிள்ளை குளிரில் நடுங்கிவிடக் கூடாது, தண்ணீரும் நிற்கக் கூடாது. அழகுத்தாய் ஊற்ற ஊற்ற ஆனந்தவல்லி இரண்டு விரலால் தோலைத் தடவிப் பார்த்துக்கொண்டே இருந்தாள். வழவழப்பு இருக்கும்வரை காரம் இருக்கிறது என்று அர்த்தம். பிள்ளை கத்திக் கத்தித் தொண்டை கட்டிப்போயிற்று. வழவழப்புப் போய், ஈரத் தோல் ஈரத் தோலாகவே விரலில் பிடித்த பிறகுதான் அவள் போதும் என்றாள்.

ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குப் போகும்போது இந்து பிள்ளையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வெளிப்பக்கம் திரும்பியே இருந்தாள். வாயைத் திறந்து திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது ஆனந்தவல்லிக்கு.

டாக்டர் அம்மா பிள்ளையைத் திருப்பிப் பார்த்தார். என்ன பட்டது, எவ்வளவு நேரம் இருந்தது, கண்ணில் பட்டதா, வாயில் பட்டதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். ஆனந்தவல்லி எதையும் மறைக்கவில்லை. சோப்பில் இருந்தது சோடியம் ஹைட்ராக்சைடு, நூற்றுக்கு நான்கு பங்கு போல மிச்சமாக நின்றது, தப்பு என் பக்கம் என்றாள். டாக்டர் எழுதிக்கொண்டார். கண்ணில் விளக்கடித்துப் பார்த்தார். “மேல் தோல்தான். தண்ணி ஊத்தினது நல்லதாப் போச்சு. களிம்பு தர்றேன். கொப்புளம் வந்தா உடனே தூக்கிட்டு வாங்க. எதுக்கும் நாளைக்குக் காமிங்க,” என்றார்.

கொப்புளம் வருமா வராதா என்று அவர் சொல்லவில்லை. 

வெளியே வந்தால் தனுஷ் நிற்கிறான். மில் சட்டையில் பஞ்சுத் தூசு அப்படியே ஒட்டியிருக்கிறது. பிள்ளையின் முதுகைப் பார்த்தான். பிறகு அவளைப் பார்த்தான்.

“நீங்கதானா?”

“ஆமா தம்பி.”

“பச்சப்புள்ளைக்குப் போடுற பொருள இப்பிடியா செஞ்சு விப்பீங்க? பாத்துச் செய்யத் தெரியாதா? உங்க மேல கேசு குடுப்பேன்.”

“குடுங்க. நான் இல்லைன்னு சொல்ல மாட்டேன்.”

அவன் இன்னும் என்னவோ சொல்ல வந்தான். அழகுத்தாய் குறுக்கே வந்தாள். “ஏலே, அந்தப் பொம்பள ஓடி வந்து நிக்கலைன்னா நான் இன்னொரு தடவ தேய்ச்சிருப்பேன். மொதல்ல பிள்ளைய வீட்டுக்குக் கொண்டு போ. சண்ட பொறவு போடலாம்.” சொல்லிவிட்டு ஆனந்தவல்லி பக்கம் திரும்பினாள். “நீயும் போ. நாளைக்கு வா. வராம இருந்திராத.”

கடைக்குத் திரும்பி வந்தபோது தேர் நிலைக்கு வந்துகொண்டிருந்தது. வடம் பிடித்தவர்களின் கூச்சல் தெரு முழுக்க நிறைந்திருந்தது. முனீஸ்வரி வாசல் அட்டைக்குக் கீழே, போகிற வருகிற ஒவ்வொரு முகமாகப் பார்த்தபடி நின்றாள். இரண்டு கட்டி திரும்பி வந்திருந்தது. பிள்ளை எப்படி என்று கேட்டாள். ஆனந்தவல்லி சொன்னாள். முனீஸ்வரி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

ஊர் திரும்பும் வழியில், கிருஷ்ணன்கோவில் தாண்டி ஒரு புளியமரத்தடியில் முனீஸ்வரி வண்டியை நிறுத்தச் சொன்னாள். இறங்கி நின்றுகொண்டாள்.

“நீ சொன்ன நம்பரத்தான் நான் போட்டேன் மதினி.”

“ஆமா.”

“எதோட நம்பர்னு சொன்னியா?”

“சொல்லல.”

“அப்ப ஊரு என்னத்தான் பேசும். படிச்சவ சரியாத்தான் சொல்லிருப்பா, படிக்காத கழுததான் கொட்டிருச்சும்பாக.” கண்ணில் தண்ணீர் நின்றது, ஆனால் குரல் உடையவில்லை. “இனிமே எனக்கு வெறும் நம்பர் சொல்லாத. அது எப்பிடி வந்துச்சுன்னு சொல்லு. புரியலைன்னா திருப்பிக் கேப்பேன். புரியாம கிண்ணத்தத் தூக்க மாட்டேன்.”

ஆனந்தவல்லி ஸ்டாண்டைப் போட்டுவிட்டு இறங்கினாள். அங்கேயே, மரத்தடியில் வைத்துச் சொன்னாள். ஒரு எண்ணெய்க்கு மூணு காரம். லேப்காரன் எண்ணிய காரம் வேறு, நாம் போடும் காரம் வேறு. முனீஸ்வரி புருவத்தை நெரித்துக் கேட்டாள். திரும்பக் கேட்டாள்.

“நம்ம தோப்புச் சின்னக் காயும் நெட்டமரத்துப் பெரிய காயும் மாதிரியா? ரெண்டுலயும் மூணு காய்தான். எடை போட்டா வேற.”

“அதேதான்.”

“லேப்காரன் பெரிய காய்ல எடை சொல்லிட்டான். நான் அதே எடைக்குச் சின்னக் காய அள்ளிட்டேன். எண்ணிக்கையில கூடிப் போச்சு.”

“ஆமாட்டி.”

“இத ஆஸ்பத்திரியிலருந்தே சொல்லியிருக்கலாமே,” என்றாள் முனீஸ்வரி. 

மறுநாள் ராஜபாளையம் போனபோது பச்சைக் கேட்டைத் தட்டவே கை வரவில்லை. இந்துதான் திறந்தாள். ஒன்றும் சொல்லாமல் உள்ளே கூட்டிப்போய்த் தொட்டிலிலிருந்து பிள்ளையை எடுத்து முதுகைக் காட்டினாள். சிவப்பு வெளிறியிருந்தது. ஓரத்தில் வெங்காயச் சருகு போல மெல்லிசாகத் தோல் உரிந்திருந்தது. கொப்புளம் இல்லை. 

“நைட்டெல்லாம் நான் தூங்கல,” என்றாள் இந்து. “கோவத்துல உங்களக் கண்டபடி ஏசணும்னு எல்லாம் யோசிச்சு வச்சிருந்தேன். இப்ப ஒண்ணும் வர மாட்டேங்குது. ஆனா உங்க சோப்ப இனிமே நான் வாங்க மாட்டேன்.”

“வாங்க வேண்டாம்மா.”

அழகுத்தாய் காப்பி கொண்டுவந்து கொடுத்தாள். அவள் வலது உள்ளங்கையும் உரிந்திருந்தது. தனுஷ் கேசு எதுவும் கொடுக்கவில்லை. அதே சமயம் அவளிடம் அதன்பிறகு பேசவுமில்லை.

கடையிலிருந்து வந்ததும், கொட்டகையில் கிடந்ததும் என்று அத்தனை கட்டியையும் இருவரும் சீவித் தூளாக்கினார்கள். ஐம்பத்து நான்கு கிராம் மிச்சக் காரத்தைத் தின்னக் கிலோவுக்கு இன்னும் நானூறு கிராம் எண்ணெய் வேண்டும் என்ற கணக்கை இந்த முறை முனீஸ்வரிதான் போட்டாள். ஐம்பத்து நான்கை நூற்று முப்பத்தாறால் வகுத்துவிட்டு, சரியா என்று கேட்காமல், “ஏன் கூடுதலா ஊத்தக் கூடாது?” என்று கேட்டாள். ஊற்றலாம், எண்ணெய் மிஞ்சினால் பிசுக்குத்தான், எரியாது என்றாள் ஆனந்தவல்லி. தூளை உருக்கி, எண்ணெய் சேர்த்து, திரண்டு வந்த பிறகு சொட்டு விட்டுப் பார்த்தார்கள். வெளிர் ரோஜா. இருந்தாலும் அதை விற்கவில்லை. வீட்டுத் துணி துவைக்க வைத்துக்கொண்டார்கள்.

சுயம்புலிங்கம் தேங்காய் எண்ணெய் சோப்பைக்கூட வெகுநாள் வாங்க மறுத்தார். தை பிறந்த பிறகுதான் கொஞ்சம் கொண்டுவரச் சொன்னார். இப்போதெல்லாம் காஸ்டிக் நிறுக்கும்போது இருவரும் தனித்தனியாகக் கணக்குப் போடுகிறார்கள். இரண்டும் ஒத்துவந்தால்தான் கிண்ணம் தராசைவிட்டு நகரும். ஒத்துவராத நாளில் கொட்டகைக்குள் பெரிய சண்டையே நடக்கும். பெரும்பாலும் முனீஸ்வரிதான் ஜெயிப்பாள்.

வெளியூர் போன கட்டிகளில் கோவில்பட்டி அம்மா வாங்கிய நான்கு கட்டிக்கு மட்டும் தகவல் தெரிந்தது. அதுவும் ஆவணி கடைசியில், தெரியாத எண்ணிலிருந்து ஒரு போன். பக்கத்து வீட்டுக்காரர் கோயிலுக்கு வந்தபோது அட்டையைப் பார்த்து எண்ணைக் குறித்துப் போயிருந்தாராம்.

“கை கழுவினேன், எரிஞ்சுச்சு. சரின்னு அத விளக்குத் தேய்க்கப் போட்டுட்டேன்,” என்றாள் அந்த அம்மா. “எண்ணெய்ப் பிசுக்கெல்லாம் அம்புட்டும் எடுத்துருது. நாலும் தீந்துபோச்சு. விளக்குக்குன்னு தனியா அந்தச் சோப்புப் போட்டுத் தருவீங்களா?”

ஆனந்தவல்லிக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. “மாட்டேன்ம்மா” என்றாள். மீதி இரண்டு கட்டி எந்த ஊருக்குப் போயின, யார் கையில் கிடைத்தன என்று இன்றுவரை அவளுக்குத் தெரியாது. தெரியாத எண்ணிலிருந்து போன் வந்தால் எந்த வேலையில் இருந்தாலும் போட்டுவிட்டு ஓடிப்போய் எடுக்கிறாள்.